கடலுக்குப் போகாதவர் பங்கு

கடற்கரை ஊரான உவரியில் கப்பல் வடிவில் நிற்கும் கப்பல் மாதா கோயிலை ஆவணப்படம் எடுக்க ஐந்து காட்சித் தொடர்பியல் மாணவர்கள் வந்தால் வேலைப் பிரிவினை இப்படித்தான்: ஒருவர் படம் எடுப்பார்; எடிட்டிங்கும் அவரே, பின்னணிக் குரலும் அவரே. மீதிப் பேரில் ஒருவர் 'ஒருங்கிணைப்பு', ஒருவர் 'கருத்தாக்கம்', இருவர் கோயில் முன்னால் செல்ஃபி. டைட்டிலில் மட்டும் ஐவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில்.

கடற்கரைக் கணக்கு வேறு. மீன் விற்ற காசில் செலவு போக வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு எனப் பங்கு தனித்தனி. கடலுக்குப் போகாதவருக்கு ஆள் பங்கு கிடையாது.

உவரிக்காரர் ஜோ டி குருஸ் தனியாளாக எழுதிய 'கொற்கை' நாவல் 2013-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. குழுவாக எழுதியிருந்தால் வாட்ஸ்அப்பில் நாலு 'ஓகே' வந்திருக்கும், நாவல் வந்திருக்காது.

ஆசிரியர்களே, குழு வேலைக்கு மதிப்பெண் போடும்போது கேமரா தந்தவருக்குக் கேமராப் பங்கு கொடுங்கள். ஆள் பங்கை மட்டும் வேலை பார்த்த ஆளுக்கே போடுங்கள்.