நள்ளிரவில் காலாவதியாகும் ஒன்றரை ஜிபி

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விட்டதும், வாடகை அறைகளுக்குள் பீகாரும் ஒடிசாவும் வீடியோ காலில் வந்துவிடும். அத்தனை பேரும் ஒரே டவரைப் பங்குபோட்டால் வேகம் படுத்துக்கொள்ளும். அது இயற்பியல், யாரையும் திட்ட முடியாது. ஆனால் நெரிசல் வருவது மணிக்கணக்கில், அதைக் காரணம் காட்டிச் செல்பேசி நிறுவனங்கள் வைக்கும் டேட்டா வரம்போ நாள்கணக்கில். டவர் கொட்டாவி விடும் அதிகாலை மூன்று மணிக்குப் பார்த்த படமும் இரவு எட்டு மணிக்குப் பார்த்த படமும் அன்றைய ஒன்றரை ஜிபியில் ஒரே அளவுதான் கழியும். மிச்சம் பிடித்தவருக்கும் பரிசில்லை. பெரும்பாலான திட்டங்களில் நள்ளிரவில் அந்த மிச்சமும் காலி. இப்படித்தான் நெரிசல் குறையுமாம்.

வரம்பு இல்லாவிட்டால் நாலு பேர் மொத்தத்தையும் உறிஞ்சிவிடுவார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மாற்று வழி தெரியாமல் இல்லை: வோடஃபோன் ஐடியா 2021இல் சில திட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு வரை டேட்டாவைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டது. டவர் வைக்கக் காசு வேண்டாமா என்றால், வேண்டும். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. அதே கையோடு ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பற்ற 5ஜியை, நாளுக்கு 2 ஜிபிக்குக் குறையாத திட்டக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கின. ஆக, கூடுதலாகப் பணம் கட்டினால் அலைக்கற்றையின் மூச்சுத்திணறல் தானே சரியாகிவிடுகிறது! கால அளவிலும் இதே கதைதான்: ‘மாத’ ரீசார்ஜுக்கு 28 நாள், ஆண்டுக்கு 13 தடவை. முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போடவேண்டியிருந்தது. நாள்காட்டியிலும் நெரிசல் போலிருக்கிறது.