ஐன்ஸ்டீனுக்கு ஒரு ஸ்விட்ச்

மணி என்ன என்று தெரிந்துகொள்ள ராணுவத்துக்கு ஒரு கைக்கடிகாரம் போதும். எதிரியின் காதில் விழாமல் ரேடியோவில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்ட அன்றுதான் சனி பிடித்தது.

1943 ஜூலை 15 அன்று வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே சிக்சாலி என்ற ரகசியத் தொலைபேசி வேலைக்கு வந்தது. பெல் ஆய்வகத்தின் படைப்பு. ஒரு முனையின் எடை 55 டன். நாற்பது பெரிய அலமாரிகள், 30 கிலோவாட் மின்சாரம், சூடு தணிக்க ஏ.சி. எல்லாம் எதற்கு? இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பேசிக்கொள்ள. சர்ச்சிலின் பாதாள அறைகளில் இத்தனை சாமானுக்கும் இடமில்லை. ஆகவே செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையின் அடித்தளத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மேலே சீமாட்டிகள் தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே உலகப் போர் நடந்துகொண்டிருந்தது.

ரகசியம் ஒரு கிராமபோன் தட்டில் இருந்தது. பாட்டு இல்லாத தட்டு. பன்னிரண்டு நிமிடம் வெறும் கரகரப்பு. பேசுபவரின் குரலில் அந்தக் கரகரப்பைக் கலந்து அனுப்புவார்கள். மறுமுனையில் அதே தட்டின் இன்னொரு பிரதி சுழன்று, கலந்ததைப் பிரித்தெடுக்கும். இதற்கு அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் இரண்டு தட்டுகளும் ஒரே கணத்தில் கிளம்பி, கடைசிவரை அடி பிசகாமல் சுற்ற வேண்டும். பிசகினால் தளபதியின் போர்த்திட்டமும் இரைச்சல்தான். தட்டுகளைக் கட்டி மேய்க்கும் வேலை குவார்ட்ஸ் படிகத்துக்கு. பேச்சு முடிந்ததும் தட்டை அழித்துவிடுவார்கள். அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று யாரும் அழுததாகத் தெரியவில்லை.

குவார்ட்ஸ் நல்ல பிள்ளைதான். ஆனால் வெயிலடித்தால் ஒரு சுருதி, குளிரடித்தால் ஒரு சுருதி, வயதானால் வேறு சுருதி. அணுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் சீசியம் அணுவும் ஒரே எண்ணைத்தான் ஒப்பிக்கும்: வினாடிக்கு 9,192,631,770 அதிர்வுகள். அணுவைக் கடிகாரமாக்கலாம் என்று 1945இலேயே சொன்னவர் இயற்பியலாளர் இசிடோர் ராபி. அதைத் தலையில் போட்டுக்கொண்டவர் அவருடைய பழைய கூட்டாளி, எம்.ஐ.டி. பேராசிரியர் ஜெரால்ட் ஜக்கரையாஸ்.

ஜக்கரையாஸுக்கு ராணுவ ரேடியோ லட்சியமில்லை. அவருக்கு ஐன்ஸ்டீனைப் பரீட்சிக்க வேண்டும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும் என்றாரே அந்த மனிதர்? சுவிட்சர்லாந்தில் ஒரு மலையுச்சியில் ஒரு கடிகாரம், பள்ளத்தாக்கில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். (ஆல்ப்ஸ் மலையில் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கவும் வழி கிடைக்கும் என்பதை விஞ்ஞானக் கட்டுரைகளில் எழுதுவது வழக்கமில்லை.) அதற்காக சீசியம் அணுக்களை மேலே எறிந்து, அவை நிதானமாக ஏறி இறங்குவதற்குள் அளந்துவிடும் ஊற்று ஒன்றைக் கட்டினார். போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய மரக் கட்டடத்தில் தளங்களைப் பெயர்த்தெறிந்து, மூன்று மாடி உயரத்துக்கு ஒரு குழாய்.

ஊற்று பொங்கவில்லை. அவருக்கு வேண்டியது மெதுவாக ஏறும் அணுக்கள். ஆனால் திருப்பதி தர்ம தரிசன வரிசையில் முதியவர்களுக்கு நேர்வதுதான் அவற்றுக்கும் நேர்ந்தது. பின்னால் வந்த அவசரக்கார அணுக்கள் இடித்துத் தள்ளிவிட்டன. மேலே போனவை திரும்பி வரவேயில்லை.

மனிதர் மனம் தளரவில்லை. மலைக்கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எளிய கடிகாரமாக ஒன்றைச் செய்து விற்கலாம் என்று மால்டன் ஊரிலிருந்த நேஷனல் கம்பெனியோடு சேர்ந்தார். அது ரேடியோ செட் செய்து பெயரெடுத்த கம்பெனி. 1956 அக்டோபரில் நியூயார்க்கில் அறிமுகமானது அடாமிக்ரான். ஏழடி உயரம், 500 பவுண்டு எடை, விலை 50,000 டாலர். முக்கியமான வாடிக்கையாளர் யாரென்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவு பணத்தை ஒரு கடிகாரத்துக்குக் கொடுக்க ராணுவத்தை விட்டால் வேறு ஆளில்லை.

ராணுவம் வாங்கியது மணி பார்க்க அல்ல, சுருதி பிடிக்க. அப்போது பரவிவந்த ஒற்றைப் பக்கப்பட்டை ரேடியோவில் அனுப்புபவரின் அலைவரிசையும் கேட்பவரின் அலைவரிசையும் நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் விலகினாலே குரல் வாத்துக் குரலாகிவிடும். "தாக்கு!" என்று ஜெனரல் வாத்துக் குரலில் கத்தினால் எந்தப் படை நகரும்? அலைவரிசைக்கு அலைவரிசை தாவி எதிரியை ஏமாற்றும் ரேடியோ வந்தபோது சுருதியோடு தாளமும் சேர வேண்டியதாயிற்று. எல்லாப் பெட்டியும் ஒரே நொடித்துணுக்கில் தாவாவிட்டால் நண்பனும் எதிரியும் ஒன்றுதான். (ஹெடி லாமர் என்ற நடிகை இதற்கு வாங்கிய காப்புரிமைக் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டாம்.)

துல்லியமான நேரத்தை ஊருக்கு ஊர் எப்படிக் கொண்டுசேர்ப்பது? தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தார் சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி நிலையம் நிலையமாகக் கொண்டுபோனார்கள். 1971 அக்டோபரில் அந்த வானாய்வகத்தின் ரிச்சர்ட் கீட்டிங்கும், இயற்பியலாளர் ஜோசப் ஹாஃபலேயும் நான்கு கடிகாரங்களோடு உலகத்தையே சுற்றிவந்தார்கள். டிக்கெட் "மிஸ்டர் கடிகாரம்" பெயரில். மொத்தச் செலவு சுமார் 8,000 டாலர். அதில் 7,600 டாலர் விமானக் கட்டணம். கிழக்கே போனபோது கடிகாரங்கள் 59 நானோவினாடி பின்தங்கின, மேற்கே போனபோது 273 நானோவினாடி முந்தின. உயரத்தோடு விமானத்தின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஐன்ஸ்டீன் பாஸ்.

அதற்கு முன்பே 1960இல், எம்.ஐ.டி.க்குப் பக்கத்து வீடான ஹார்வர்டில், இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரத்திலேயே ஈர்ப்பு விஷயத்தை நிரூபித்திருந்தார்கள். மலையே தேவைப்படவில்லை. ஜக்கரையாஸின் வயிறு எரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு 1977 ஜூனில் கடற்படை முதல் சீசியம் கடிகாரத்தை விண்ணுக்கு அனுப்பியபோது, ஜி.பி.எஸ்ஸுக்கு முன்னோடியான அந்த என்.டி.எஸ்.-2 செயற்கைக்கோளில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஐன்ஸ்டீன் சொன்ன திருத்தத்தைத் தரையிலிருந்தே போடலாம், அணைக்கலாம். சிலருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை! இருபது நாள் அணைத்தே வைத்துப் பார்த்தார்கள். கடிகாரம் ஒரு லட்சம் கோடியில் 442.5 பங்கு வேகமாக ஓடியது. சூத்திரப்படி வர வேண்டியது 446.5. ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி. அதை அப்படியே விட்டால் இருக்கும் இடத்தைக் காட்டும் கணக்கு நாளுக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர் புரளும். ஸ்விட்சைப் போட்டார்கள்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தவர் ஸ்விட்ச் வைத்த அந்தப் பெயர் தெரியாத ஆசாமிதான். ஐன்ஸ்டீன் சரியென்றால் போட்டுவிடலாம், தப்பென்றால் வேலை தப்பிவிடும். அரசாங்க உத்தியோகத்தின் மொத்த ஞானமும் அதில் இருக்கிறது.

இன்று தாவும் ரேடியோக்கள் ஜி.பி.எஸ்ஸிலிருந்தே நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஹேவ் குவிக் என்ற தாவும் ரேடியோவை வைத்திருக்கும் விமானி நேரத்தைத் தவறவிட்டால் இன்னொருவரிடம் "மிக்கி" கேட்பார். அவர் ஒரு கீச்சொலியை அனுப்புவார்; இவருடைய பெட்டி திரும்ப வரிசையில் சேர்ந்துகொள்ளும். 55 டன் சிக்சாலியின் வாரிசு இவ்வளவுதான்.

ஜக்கரையாஸ் 1986இல் காலமானார். லேசர் ஒளியால் அணுக்களை அடக்கி முதல் ஊற்றைப் பொங்கவைத்தது ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் சூவின் குழு, 1989இல். இப்போது அமெரிக்க ராணுவம் முழுவதற்கும் நேரம் சொல்லும் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் அத்தகைய ஊற்றுகள், சீசியத்துக்குப் பதில் ருபிடியம் அணுக்களோடு, ஓடிக்கொண்டிருக்கின்றன.