வலமோ இடமோ: டாட்டிங் லேஸ் பற்றிய ஒரு விசாரம்

பூஜாடியின் அடியில் விரிந்து கிடந்து, ஜாடியைத் தூக்கினாலன்றி எவர் கண்ணிலும் முழுமையாகப் படாத வட்ட லேஸ் விரிப்பை டாட்டிங் முறையில் பின்னுங்கால், வலமாகச் செல்வதா இடமாகச் செல்வதா என்னும் வினா, பார்வைக்கு அற்பமாயினும், அதை எழுப்பியவர்கள் பின்னுவதை நிறுத்திவிட்டு வாதிடும் வேகத்தைக் காணும்போது, சாஸ்திர விசாரணைக்கு முற்றிலும் உரியதென்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

முதற்கண் வஸ்து நிர்ணயம். உள்ளங்கையில் அடங்கும் ஷட்டிலில் நூலைச் சுற்றிக்கொண்டு, இடக்கை விரல்களைச் சூழ்ந்து நிற்கும் நூலின்மேல் முடிச்சுக்களை வரிசையாக ஏற்றுவதே டாட்டிங். முடிச்சுக்கு இரு பாதிகள் உண்டு: ஷட்டில் கைநூலின் அடியே சென்று மேலே மீள்வது முதற் பாதி, மேலே சென்று அடியே மீள்வது மறு பாதி. இதிலுள்ள சூக்ஷ்மம் யாதெனில், ஷட்டில் நூலில் ஜனிக்கும் அம்முடிச்சு, இடக்கை விரல்களைத் தளர்த்தி ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்த மாத்திரத்தில், கைநூலுக்குத் தாவிவிட வேண்டும். தாவாத முடிச்சு ஒன்றே ஒன்று இருந்தாலும் ஷட்டில் நூல் உள்ளே வழுக்கி ஓடாது. மூட வேண்டிய வளையம் திறந்தே கிடக்க, மூடியிருக்க வேண்டிய வாய் திறந்துகொள்ளும்.

இனித் திசைப் பிரச்சினையின் உற்பத்தி. ஆதியில் வளையங்களைத் தனித்தனியே முடித்துப் பின்னரே ஒன்றுசேர்த்தனர். தனித்து நிற்கும் வளையத்திற்குத் திசை ஏது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தில் பல கைவேலைப் புத்தகங்களை வெளியிட்ட ரீகோ த லா பிரான்ஷார்தியேர் அம்மையார், பிக்கோ எனப்படும் நூற்காதுகளின் வழியே வளையத்தை வளையத்தோடு பிணைக்கும் முறையைப் பரப்பினார். 1886-இல் தெரேஸ் தெ தில்மோன் அம்மையாரின் ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் டாட்டிங்குக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. அண்டை வளையத்தோடு பிணைத்தே தீர வேண்டும் என்றானபின், அண்டை எந்தப் பக்கம் என்னும் கலகமும் உடன் பிறந்தது.

பூர்வபக்ஷம் வருமாறு: வலக்கைப் பழக்கமுள்ளவர் பின்னும்போது, வளையத்தின் அடி கீழ்நோக்கி இருக்குமாயின், புதிய வளையம் பழையதன் வலப்புறத்திலேயே அமையும். ஆகவே வளையங்கள் விரிப்பின் வெளிப்புறம் நோக்கினால் வேலை கடிகார முள் போலவும், மையத்தை நோக்கினால் அதற்கு எதிராகவும் நடக்கும். ஆனால் வளையம் முடிந்து, வளையங்களுக்கிடையே ஓடும் முடிச்சு வரிசையாகிய சங்கிலி தொடங்குமுன் வேலையைப் புரட்டிப் பிடிக்கிறார்களே, அப்போது காணும் மறுமுகத்திலோ இதே நடை நேர் எதிராகத் தோன்றும்! வளையத்திற்கு ஒரு முகமும் சங்கிலிக்கு மறுமுகமுமாக நேரும் இந்தப் பேதத்தையும் பொறாத நுண்ணியர், புரட்டிய நிலையில் முடிச்சின் மறு பாதியை முதலிலும், முதற் பாதியைப் பின்னுமாகப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே முகத்தில் நேராக்கிவிடுகின்றனர்.

ஆதலின் சித்தாந்தம் இது: வலமும் இடமும் லேஸின் தர்மமல்ல, பார்ப்பவர் நிற்கும் முகத்தின் தர்மமே. எத்திசையும் குற்றமன்று, சுற்றுக்குச் சுற்று முகம் மாறுவதே குற்றம். பின்னப் புகும் அன்பர்கள் முதற் சுற்று முடிந்தவுடன் மேல்முகத்தில் வண்ண நூல் துணுக்கு ஒன்றைக் கட்டிவைப்பார்களாக. எஞ்சிய விவாதத்தைப் பின்னாதவர்களிடம் விட்டுவிடலாம்.