வெர்னியர் இருந்தது, வளையம் இல்லை

1990-களின் நடுவில் கோயம்புத்தூரில் அலாய் வீல் போட்ட கார் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். அம்பாசடருக்கு 15 அங்குல இரும்பு டிஸ்க், மாருதி 800-க்கு 12 அங்குல இரும்பு டிஸ்க். கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு வேறு சக்கரம் மாட்டலாம் என்ற நினைப்பே பலருக்கு வந்ததில்லை. ஆனால் இது பந்தயப் பித்து பிடித்த ஊர். பந்தய வீரர் எஸ். கரிவரதன் 1988-ல் ஃபார்முலா மாருதி கார்களைக் களத்தில் இறக்கிய பிறகு, கல்லூரிப் பையன்கள் எஞ்சினைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நானும் என் அண்ணனும்.

எங்கள் வீட்டு எஸ்டீமுக்கு அலாய் வேண்டும் என்று அண்ணன் சென்னை புதுப்பேட்டைக்குப் போய் நான்கு பழைய ஜப்பான் சக்கரங்களை வாங்கி வந்தார். 13 அங்குலம்தான், நான்கு போல்ட் துளைகளும் ஸ்டட்டில் அழகாக உட்கார்ந்தன. நடு ஓட்டை மட்டும், அதற்குள் நுழைய வேண்டிய காரின் ஹப்பைவிடப் பெரிது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அதைப் பொருட்படுத்தவில்லை. அவிநாசி ரோட்டில் வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கியது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது.

ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துப் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பெரியவர் அங்கே இருந்தார். சக்கரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தோம். அவர் முதலில் பார்த்தது நடு ஓட்டையை.

"நாலு ஓட்டையும் சேர்ந்துட்டா சக்கரம் சேர்ந்துருச்சுன்னு அர்த்தமில்லைங்க தம்பி. நடுவுல ஹப்பு எங்கியுமே தொடலை பாருங்க. நட்டு எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் போய் நிக்கும்."

ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். வெர்னியரை மூன்று இடங்களில் வைத்து அளந்தார். சக்கரத்தின் ஓட்டையையும் அப்படியே. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளவு எழுதிக்கொண்டார். பிறகு அலுமினியத் தடியை லேத்தில் பிடித்து, உள் விட்டத்தையும் வெளி விட்டத்தையும் ஒரே பிடியில் கடைந்து, ஹப்புக்கும் ஓட்டைக்கும் நடுவே உட்காரும் வளையமாக்கினார். நடுவில் கழற்றித் திருப்பிப் பிடித்தால் இரண்டு விட்டங்களின் மையமும் விலகிவிடும் என்பதால் அந்தக் கவனம். கையால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. அதுதான் அவர் வைத்த கணக்கு. நான்கு வளையங்களும் ஏறிய பிறகு அதே ரோட்டில் ஸ்டீயரிங் அசையாமல் நின்றது.

அந்த நாளில் இந்த வளையத்துக்குக் கடையில் பெயர் சொல்லிக் கேட்க முடியாது. எந்தக் காரின் ஹப் எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சடித்த பட்டியலும் எங்கள் கைக்கு வந்ததில்லை. அளக்கத் தெரிந்த ஆள் இருந்தார், அது போதுமானதாக இருந்தது.

இன்று என் மகள் ஸ்விஃப்ட் ஓட்டுகிறாள். போன வருடம் 15 அங்குல அலாய் போட்டுக்கொண்டாள். எந்தக் காருக்கு எந்த அளவு என்பது இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. ஸ்விஃப்ட், பலேனோ, ஹூண்டாய் ஐ20, டொயோட்டா எட்டியோஸ் ஆகியவற்றின் ஹப் 54.1 மில்லிமீட்டர். ஹோண்டா சிட்டி, ஜாஸுக்கு 56.1. ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 57.1. இன்னோவாவுக்கு 60.1. ஃபோர்டு ஃபிகோவுக்கு 63.4. கிரெட்டாவுக்கு 67.1. அலாய் செய்கிறவர்கள் ஒவ்வொரு காருக்கும் தனி அச்சு வைத்திருக்க முடியாது. நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 என்றோ 67.1 என்றோ கடைந்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள இடைவெளியை நிரப்பத்தான் ஹப் ரிங். 73.1 சக்கரம் 54.1 ஹப்பில் ஏறினால் விட்டத்தில் 19 மில்லிமீட்டர் காலி, அதாவது சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர். பெரியவர் ஒரு பகல் முழுக்க நின்று கடைந்த பொருள் இப்போது நான்காகப் பாக்கெட்டில் அடைத்து, மேலே 73.1–54.1 என்று எழுதி, சில நூறு ரூபாய்க்கு வருகிறது.

இத்தனை வசதி வந்த பிறகும் மகளின் காரில் அதே நடுக்கம். எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது.

"பேலன்சிங் மறுபடியும் பண்ணிட்டாங்கப்பா. மெஷின்ல சைபர் காட்டுது. அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு. டயர்தான் கோளாறுன்னு சொல்றாங்க."

மெஷின் பொய் சொல்லவில்லை. பேலன்சிங் மெஷினில் சக்கரத்தை நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறார்கள். அங்கே சக்கரம் தன் மையத்திலேயே சுற்றுகிறது, அதனால் சைபர் காட்டுகிறது. காரில் மாட்டும்போது மையம் விலகினால் அந்தச் சைபருக்கு மதிப்பில்லை. டயரோடு சேர்த்து 15 கிலோ உள்ள சக்கரம் வெறும் 0.3 மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தாலும், ரிம்மின் ஓரத்தில் ஏறத்தாழ 24 கிராம் ஈயக்கட்டியைக் கூடுதலாக ஒட்டியதற்குச் சமம். 185/65 ஆர்15 டயர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினான்கு முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத விசை ஹப்பை மாறி மாறி இழுக்கும். ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரிவது அதுதான்.

சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே வளையம் இருந்தது. கடைக்காரர் கொடுக்காமல் விடவில்லை. அலமாரியிலிருந்து என் பழைய வெர்னியரை எடுத்து அளந்தேன். உள் விட்டம் 56.1. ஹோண்டாவுக்கு உரிய வளையம் ஸ்விஃப்டில் ஏறியிருந்தது. கைக்குப் பெரிய வளையல் போலத் தடையில்லாமல் ஏறிவிடும், அதனால் மாட்டியவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிற வளையம், இல்லாத வளையத்துக்குச் சமம். பாக்கெட்டில் எண் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணை யாரும் காரோடு ஒத்துப்பார்க்கவில்லை.

வளையமே தேவையில்லை, டேப்பர் நட்டே சக்கரத்தை மையத்துக்கு இழுத்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. துளைகளும் நட்டின் சரிவும் துல்லியமாக இருந்து, ஜாக்கியில் தூக்கிய நிலையில், எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் சக்கரம் தானே மையத்துக்கு வரும். ஆனால் நம் டயர் கடைகளில் ஏர் கன்னை வைத்து முதல் நட்டையே முழுக்க முடுக்கிவிடுகிறார்கள். சக்கரம் எங்கே நின்றதோ அங்கேயே இறுகிவிடுகிறது. சரியான வளையம் இருந்தால், முடுக்கும் முன்பே சக்கரம் மையத்தில் நின்றிருக்கும்.

இன்னொரு பக்கம், காரின் பாரத்தையே வளையம்தான் தாங்குகிறது என்றும் சொல்லி விற்கிறார்கள். அது சரியல்ல. பாரத்தைத் தாங்குவது நட்டுகளின் இறுக்கமும், அந்த இறுக்கத்தில் சக்கரத்தின் முகமும் ஹப்பின் முகமும் ஒன்றையொன்று கவ்வும் பிடிமானமும். வளையத்தின் வேலை மையம் பிடிப்பது மட்டுமே. வளையம் போட்டாயிற்றே என்று நட்டை அலட்சியமாக முடுக்குவது ஆபத்து. கார் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு முடுக்க வேண்டும். சிறு கார்களுக்கு அது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். நட்டும் அந்த அலாய்க்கு உரியதாக இருக்க வேண்டும். சுசுகி கார்களின் ஸ்டட் எம்12, மரைப் புரி 1.25. ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டாவில் அதே எம்12, ஆனால் புரி 1.5. ஹோண்டாவின் கம்பெனி நட்டுக்கு உருண்டை இருக்கை. வெளியில் வாங்கும் அலாய்களுக்குப் பெரும்பாலும் கூம்பு இருக்கை. மாற்றிப் போட்டால் நட்டு ஒரு கோட்டளவில்தான் தொடும், சீக்கிரம் தளர்ந்துவிடும்.

வளையம் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பதை ஓடும் ஊரைப் பார்த்து முடிவு செய்யலாம். பிளாஸ்டிக் மலிவு, துருப்பிடிக்காது, ஹப்போடு ஒட்டிக்கொள்ளாது. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடுகிற காருக்கு நல்ல தரமான பிளாஸ்டிக் வளையம் போதும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளை அடிக்கடி இறங்குகிறவருக்கு முன் டிஸ்க் பிரேக் கடுமையாகச் சூடேறும். மட்டமான பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் உருமாறலாம். அவருக்கு அலுமினியம் நல்லது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் அலுமினிய வளையம் இரும்பு ஹப்போடு அரித்துப் பிடித்துக்கொள்ளும், சக்கரத்தைக் கழற்றுவதே பாடாகிவிடும். ஹப்பின் உதட்டில் ஒட்டாப் பசையை மிக மெல்லிசாகத் தடவினால் அதைத் தவிர்க்கலாம். ஸ்டட் மரையிலோ நட்டு உட்காரும் இடத்திலோ அது படவே கூடாது.

மகளுக்கு 73.1–54.1 அளவில் பிளாஸ்டிக் வளையங்கள் வரவழைத்தேன். வந்ததும் நான்கையும் அளந்தேன். ஹப்பைத் தேய்த்துத் துடைத்து, வளையத்தைச் சக்கரத்துக்குள் அழுத்தினேன். அது சக்கரத்தின் முகத்தைத் தாண்டி வெளியே நீட்டாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் ஹப்பின் முகத்தில் முழுக்கப் படியாது. நடுக்கம் போய்விட்டது. மாற்றிக்கொள்ளச் சொன்ன டயரிலேயே மகள் இன்றும் ஓட்டுகிறாள்.

ஒரு எச்சரிக்கையையும் அவளுக்குச் சொல்லி வைத்தேன். வளையம் சக்கரத்தோடு கழன்று வர வேண்டும். ஹப்பிலேயே தங்கிவிட்டால், இரவில் பஞ்சர் ஆகும்போது ஸ்டெப்னி ஏறாது. ஸ்டெப்னியின் இரும்பு டிஸ்க் ஹப்பின் அளவுக்கே கடைந்தது, வளையத்துக்கு அதில் இடமில்லை.

அன்று எண்கள் யாரிடமும் இல்லை, அதனால் எல்லாவற்றையும் அளந்தார்கள். இன்று எண்கள் எல்லாரிடமும் இருக்கின்றன, அதனால் அளப்பது நின்றுவிட்டது. செல்போனும் பாக்கெட்டும் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு சிறு வளையத்துக்காக ஊரெல்லாம் லேத்துப் பட்டறை தேடி அலைய வேண்டாம். ஆனால் ஆவாரம்பாளையத்துப் பெரியவர் முதலில் எடுத்த வெர்னியருக்கு மாற்றாக எதுவும் வரவில்லை.

புது அலாய் போடப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். ஹப்பையும் சக்கரத்தின் நடு ஓட்டையையும் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வளையத்தின் உள்ளும் வெளியும் அந்த எண்களோடு பொருந்துகிறதா என்று மாட்டுவதற்கு முன் பாருங்கள். கடையில் வெர்னியர் இல்லை என்றால், வெர்னியர் இருக்கிற கடைக்குப் போங்கள்.