மணிக்குச் சாம்பல் மேடு, ப்ரூனோவுக்கு மெத்தை

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், நாய்க்கு அரித்தால் அது நாயின் சொந்த விவகாரம். மணி பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருக்கும். தாத்தா திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டே இருப்பார். முடி கொட்டி முதுகுத் தோல் தெரிய ஆரம்பித்தால்தான் வைத்தியம். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவது முதல் கட்டம். அடங்காவிட்டால் டிராக்டரிலிருந்து வடித்த கறுப்பு ஆயில். அதற்கும் மசியாவிட்டால், பருத்திக்கு வாங்கி வைத்திருந்த பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடர். தாத்தா அதை வெறுங்கையால் அள்ளி மணியின் மேல் தூவிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

அந்தப் பவுடரை 1997-ல் அரசு தடை செய்தது. அதற்குள் உண்ணிகள் நிறையச் செத்திருந்தன, நாய்களும்தான். யாரும் காரணம் தேடவில்லை, புளியமரத்தடியில் புதைத்துவிட்டு அடுத்த குட்டிக்கும் மணி என்றே பெயர் வைத்தோம். ஆகவே ‘அந்தக் காலத்து நாய்க்கெல்லாம் ஏதுங்க நோய்’ என்று யாராவது ஆரம்பித்தால் நான் மெல்ல எழுந்து போய்விடுவேன்.

இப்போது பெரம்பலூர் டவுனில் வீடு. நாயின் பெயர் ப்ரூனோ, லாப்ரடார். 2003-ல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடினாலும் ஓடியது, சீமை நாய் இல்லாத தெரு கிடையாது என்றாகிவிட்டது. பக், லாப்ரடார் இரண்டுமே தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன ஜாதிகள் என்பதை மட்டும் குட்டி விற்கிறவர் சொல்வதில்லை. மணி அடுப்புச் சாம்பல் மேட்டில் படுத்தது. ப்ரூனோ ஏசி அறையில் மெத்தையில் படுத்து, விடிய விடியப் பாதத்தை நக்குகிறான். ஆமாம், ‘நக்குகிறான்’. ‘நக்குகிறது’ என்று சொன்னால் மகள் முறைக்கிறாள்.

முதலில் ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு நின்றது, கூடவே குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வீடெல்லாம் மூத்திரம். மாத்திரையை நிறுத்தியதும் பழைய கதை. அரியலூரை 2001-ல் எங்கள் மாவட்டத்திலிருந்து பிரித்து, 2002-ல் திரும்பச் சேர்த்து, 2007-ல் மறுபடி பிரித்தார்களே, அந்த மாதிரிதான் ப்ரூனோவும் அரிப்பும்.

காரணம் சொல்லத் தெருவே திரண்டது. அரியலூர் சிமெண்ட் லாரிப் புழுதி என்றார் எதிர்வீட்டுக்காரர். பார்த்தீனியம் என்றார் இன்னொருவர். அந்தச் செடி மனிதனுக்கும் மாட்டுக்கும் தோலைப் புண்ணாக்குவது உண்மைதான். டாக்டர் எதற்கும் பதில் சொல்லாமல், மெல்லிய சீப்பால் ப்ரூனோவின் வாலடியை வாரி, உதிர்ந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைத்துக் காட்டினார். பஞ்சு செம்பழுப்பானது. தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது ப்ரூனோவின் ரத்தம். அந்தப் பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதுமாம். நாயின் மேல் இருக்கும் பூச்சி கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக மீதியெல்லாம் வீட்டுக்குள். நாய்க்கு மாதமொரு மாத்திரை, வீட்டுக்குத் தினமும் வேக்குவம் கிளீனர். அது அடங்கியும் பாதம் நக்குவது நிற்காததால் அடுத்த சந்தேகம் மெத்தைமேல் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசிச் செள் குடியிருக்கும் இடம் அது. பின்லாந்தில் 2018-ல் வந்த ஓர் ஆய்வு, கிராமத்து நாய்களைவிட நகரத்து நாய்களுக்கு ஒவ்வாமை அதிகம் என்கிறது. நாய்க்கு இருந்தால் வளர்ப்பவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகமாம். வாசித்துக் காட்டும்போதே என் மனைவி தும்மினாள்.

பிறகு சாப்பாட்டுப் பரீட்சை. எட்டு வாரம், இதுவரை தின்னாத ஒரே கறி, ஒரே மாவுப் பொருள், வேறெதுவும் வாயில் படக் கூடாது. வெளிநாட்டில் மான் கறி, கங்காரு கறி என்று கொடுக்கிறார்களாம். ப்ரூனோ இதுவரை தின்னாதது எது என்று யோசித்ததில் குளத்துக் கெண்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டுமே தேறின. மூன்றாம் வாரம் அரிப்பு குறைந்தது. நாலாம் வாரம் திரும்பியது. விசாரணையில் அம்மாவின் தலையணைக்கடியில் பால் பிஸ்கட் பாக்கெட் சிக்கியது. “வாயில்லா ஜீவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கு, நான் மட்டும் டீயில தொட்டுத் திங்கவா?” என்றாள். பரீட்சை மறுபடி முதல் நாளிலிருந்து.

கடைசியில் ஓக்லாசிட்டினிப். அரிப்பைத் தூண்டும் சேதியை உடம்புக்குள்ளேயே மறிக்கிற மருந்து. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்றது. குணமாக்காது, அடக்கி வைக்கும். விலையைத் தாத்தா கேட்டிருந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி பிடித்து வந்திருப்பார்.

போன தடவை காட்டப் போனபோது அரியலூரிலிருந்து வந்திருந்த மாமா துணைக்கு வந்தார். கொத்தனார். ஈரச் சிமெண்டில் இருக்கும் குரோமியம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒருமுறை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. ஐரோப்பாவில் 2005-லேயே சிமெண்டில் அதன் அளவுக்கு வரம்பு கட்டிவிட்டார்கள். மாமாவின் வைத்தியம் தேங்காயெண்ணெய். அவர் ப்ரூனோவை மேசைமேல் அழுத்திப் பிடித்திருந்தார். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தவர், வெடித்துத் தோலுரிந்த அந்த விரல்களைப் பார்த்து நின்றார்.

“ஐயா, இது எத்தன வருசமா இருக்கு?”

“அது கெடக்குதுங்க, சிமெண்ட்டு தின்னது. வேலைக்குச் சேந்ததுலேர்ந்து.”

“தோல் டாக்டருகிட்ட காட்டினீங்களா?”

“காட்டணுங்க” என்றார் மாமா. “மொதல்ல இவனுக்குச் சரியாவட்டும்.”