புழுவுக்கு ஒரு மாசம், ஒனக்கு ஆறு வருசம்

வா தாயி, இப்படித் திண்ணையில ஒக்காரு. ஒங்கப்பன் போன்ல எல்லாம் சொல்லிட்டான். எம்.எஸ்ஸி. விலங்கியல் முடிச்சாச்சு, மாப்பிள்ளைப் பேச்செடுத்தா பி.எச்டி. பண்ணப் போறேங்கிறா, நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க சித்தப்பான்னான். புத்தி இருந்தா நான் ஏன் தாயி காலேஜ் லேபுல தவளைக்கு மயக்க மருந்து குடுத்தே ரிட்டயர் ஆகியிருக்கப் போறேன்? ஆனா ஒண்ணு. டாக்டர் பட்டம் வாங்குனவுகள ஊர்ல எல்லாரும் பாத்திருப்பாக. வாங்குறதுக்கு முந்தி எப்பிடி இருந்தாக, வாங்குன பெறகு எப்பிடி ஆனாகன்னு ரெண்டையும் டீ கிளாஸ் தட்டோட பக்கத்துல நின்னு பாத்தவன் நானு. அட்டெண்டருக்குத் தெரியாம அந்தக் கட்டடத்துல ஒரு ஆராய்ச்சியும் நடக்காது.

என்ன தலைப்பு? மக்காச்சோளப் படைப்புழுவா! நல்ல எதிராளியாத்தான் புடிச்சிருக்க. 2018-ல கர்நாடகத்துல வந்து எறங்குன பய, அந்த வருசமே நம்ம கரிசக்காட்டுல குருத்துக்குள்ள குடித்தனம் வச்சுட்டான். விடியப் போயி குருத்தை விரிச்சா மேல பழுப்பா ஈரமா எச்சம், அடியில சுருண்டு கெடக்கான். நெத்தியில இங்கிலீஷ் 'ஒய்' எழுத்தைத் தலைகீழாப் போட்டு வச்சிருக்கான், நாமம் போட வந்தவன்னு நமக்குத்தான் தெரியல. மணலும் சுண்ணாம்பும் கலந்து குருத்துல போடச் சொன்னாக, போட்டோம். இனக்கவர்ச்சிப் பொறி கட்டச் சொன்னாக, கட்டினோம். ஆம்பளை அந்துப்பூச்சியெல்லாம் வரிசையா வந்து விழுந்துச்சு. பொம்பளை அதுக்கு முந்தின நாளே முட்டை போட்டுட்டுப் போயிருச்சு.

முட்டையில ஆரம்பிச்சு அந்துப்பூச்சியாப் பறக்குறதுக்கு நம்ம வெயிலுக்கு அதுக்கு ஒரு மாசம் போதும். ஒனக்குக் கொறஞ்சது 3 வருசம், கூடுனா 6. யு.ஜி.சி. 2022-ல போட்ட விதி. பத்தலைன்னா இன்னொரு 2 வருசம் நீட்டிக் குடுப்பாக. பொம்பளைப் புள்ளைகளுக்கு அதுக்கும் மேல 2. ஆக 10 வருசம் வரைக்கும் நீ மாணவி. அதுக்குள்ள அந்தப் புழு 120 தலைமுறை பாத்திரும். நீ மொத அத்தியாயத்துல எழுதுன புழுவுக்குச் சொந்தக்காரன்னு சொல்லிக்க, வைவா அன்னைக்கு ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான். இந்தப் பத்து வருசக் கணக்கை ஒங்கப்பன்ட்ட சொல்லிராத. புள்ளை பெத்தா 240 நாள் லீவு உண்டுன்னு அதே விதியில போட்டிருக்கு பாரு, அதை ஒங்கம்மாட்ட சொல்லு. மனசு எறங்குவா.

துட்டுக் கணக்குக்கு வருவோம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கிட்டேன்னா மொத ரெண்டு வருசம் மாசம் 37,000. அடுத்த மூணு வருசம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. நான் வெரல விட்டு எண்ணிப் பாத்துட்டேன், அஞ்சு வருசத்துக்கு 24 லட்சம் வருது. நம்ம ஊர்ல எந்தச் சம்சாரி தாயி மானாவாரியில அஞ்சு வருசத்துல 24 லட்சம் பாத்தான்? அதுவும் மழை பேஞ்சாலும் பேயாட்டியும் வர்ற துட்டு! மாசா மாசம் வரும்னு மட்டும் நம்பி மளிகைக் கடையில கணக்கு வச்சிராத. கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, ஆபீஸ் சீல் எல்லாம் ஏறி எறங்கி, நாலு மாசத்துக்கு ஒண்ணாச் சேர்ந்து வந்து விழும். அன்னைக்கு ஸ்காலர் புள்ளைக மொகத்தப் பாக்கணுமே, கேண்டீன்ல எனக்குப் பரோட்டா வாங்கித் தந்ததெல்லாம் அப்பத்தான்.

ஆனா நெட்டுல இப்ப மூணு தரம் ஆக்கிட்டாகளாம். மேல ஜே.ஆர்.எஃப்., அதுக்குத் துட்டு உண்டு. நடுவுல உள்ளதுல வாத்தியார் வேலைக்குத் தகுதியும் பி.எச்டி.யில சேரத் தகுதியும் கிடைக்கும். கடைசியில பி.எச்டி.யில சேர மட்டும் தகுதி. கடைசித் தரத்துல தேறி, தகுதி வந்துருச்சேன்னு சேர்ந்துராத. துட்டில்லாம ஆராய்ச்சி பண்ணவுகளப் பாத்திருக்கேன். பகல்ல பிரைவேட் காலேஜ்ல பாடம், சாயங்காலம் டியூசன், ராத்திரி தீசிஸ். தலைமுடி மொதல்ல போகும், பெறகு தலைப்பே போயிரும்.

இன்னொரு சங்கதி. பி.எச்டி. முடிச்சாத்தான் காலேஜ் வேலைன்னு யாராவது சொன்னா நம்பாத. உதவிப் பேராசிரியராச் சேர நெட்டோ செட்டோ போதும்னு 2023 ஜூலையில யு.ஜி.சி. சொல்லியாச்சு. அசோசியேட் ஆகணும்னாத்தான் பட்டம் கட்டாயம். நெரந்தர வேலை கெடச்சா அடிப்படைச் சம்பளமே 57,700, படி தனி. கெடைக்கிறதுக்கு எடையில ஒரு காத்திருப்பு இருக்கு பாரு, அதுலதான் கெடக்கு சூட்சுமம். கவர்மெண்டு காலேஜ்ல கௌரவ விரிவுரையாளராப் போனா மாசம் 25,000. அதே நோட்டு, அதே போர்டு, அதே புள்ளைக. பக்கத்து வகுப்புல அதே பாடம் நடத்துறவரு கார்ல வருவாரு, இவரு பஸ்ஸுக்கு ஓடுவாரு. ரெண்டு பேரும் டாக்டர்தான். வகுப்பு எடுக்கிற கெஸ்ட் ஆளுகளுக்கு மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு யு.ஜி.சி. 2019-லயே எழுதி அனுப்பிச்சு. எழுதுறதுக்கு மை செலவு அவுகளுது, குடுக்கிறது வேற ஆளு.

இம்புட்டும் சொல்லிட்டேன், நீ மொகம் சுளிக்கலையே! அப்ப நெசமாத்தான் ஆசை இருக்கு. சரி, ஆபத்து இருக்கிற எடத்தச் சொல்றேன். புழு இல்ல தாயி, கைடு.

கைடு பாக்குறது மாப்பிள்ளை பாக்குறத விடச் செரமம். மாப்பிள்ளை சரியில்லைன்னா நாலு பெரிய மனுசன் ஒக்காந்து பேசிப் பிரிச்சு விட்ருவோம். கைடை மாத்தணும்னா ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசி வேணும். அதுல கையெழுத்துப் போட வேண்டியவரே அந்தக் கைடுதான்! ஒரு பேராசிரியருகிட்ட 8 பேரு வரைக்கும், அசோசியேட்னா 6, உதவின்னா 4, அதுக்கு மேல சேர்க்கக் கூடாதுன்னு விதி. நீ எட்டாவது ஆளாப் போனா, ஒம்பேரு அவருக்கு மனசுல நிக்கவே ஒரு வருசம் ஆகும். ஒரே ஆளாப் போனா, காய்கறி வாங்கவும் அவரு பையனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கவும் நீதான். நான் பாத்த ஒரு பையன், பாசி பத்தி ஆராய்ச்சி பண்ணவன், மூணு வருசமும் கைடு வீட்டுத் தண்ணித் தொட்டியத்தான் கழுவுனான். பாசி என்னமோ நெறைய கெடைச்சுச்சு.

அதனால சேர்றதுக்கு முந்தி சொல்லாம கொள்ளாம ஒரு நா அந்தத் துறைக்குப் போ. கைடைப் பாக்காத. வெளிய டீக்கடையில அவருகிட்ட இருக்கிற புள்ளைகளத் தேடிப் புடிச்சு, "சார் எப்பிடி?"ன்னு கேளு. ஒடனே "சார் தங்கம்"னு சொன்னா, ஓடி வந்துரு. "சார் திட்டுவாரு, ஆனா குடுத்த அத்தியாயத்த ஒரு வாரத்துல திருத்திக் குடுத்துருவாரு"ன்னு சொன்னா அங்ஙனயே அப்ளிகேசன் போடு. பதில் சொல்றதுக்கு முந்தி திரும்பித் திரும்பிப் பாத்தான்னா, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வா. பாவம்.

தீசிஸ் எழுதுற விதத்துலயும் ரெண்டு சாதி உண்டு. தாமிரபரணி மீனுகளப் பத்தி ஒருத்தரு கனமா ஒண்ணு எழுதிக் கொண்டாந்தாரு, மெரூன் கலர் ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. பைண்டிங் கடையிலருந்து தூக்கிட்டு வந்தது நான். பொழுது போகாமப் பெரட்டிப் பாத்தா, நாலாவது அத்தியாயத்துல ஆறு திடீர்னு காவிரியா ஓடுது. அட்டெண்டர் கண்ணுல பட்டது எக்ஸாமினர் கண்ணுல படல. அவரு இப்ப டாக்டர். ஒங்காலத்துல அந்த வசதி இல்ல. 2018-லருந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறாக, 10 சதவீதத்துக்கு மேல அடுத்தவன் எழுத்து இருந்தாத் திருத்திக் கொண்டான்னு திருப்பி விடுவாக, 60-க்கு மேல போனா பதிவே ரத்து. ஒப்புக்கொண்ட தீசிஸெல்லாம் சோத்கங்கான்னு ஒரு எடத்துல ஒலகத்துக்கே தெறந்து வேற வச்சிருக்காக. தப்பு பண்ணா ஒம்பேரனும் படிப்பான்.

இன்னொரு சாதியையும் சொல்லணும், அதுக்குத்தான் ஒன்னைய ஒக்கார வச்சேன். கொசுப்புழு எண்ணுன புள்ளை ஒண்ணு. எனாமல் தட்டுல தண்ணி விட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எண்ணி எழுதணும். ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ச்மேன எழுப்பி, அவரு டார்ச்சு புடிக்க இவ எண்ணுவா. ஆறு மாசம் எண்ணுனா. தட்டுல புழு செத்துச் செத்து விழுந்துச்சு, இவ குடுத்த எலைச்சாறுதான் கொல்லுதுன்னு கைடுக்கு ஒரே சந்தோசம். இவளுக்கு மட்டும் மனசு ஒப்பல. சாறு விடாம, வெறும் கொழாத் தண்ணி விட்டு ஒரு தட்டு வச்சுப் பாத்தா, அதுலயும் செத்துச்சு. கொல்றது குளோரின்! ஆறு மாச எண்ணிக்கையும் குப்பை. அன்னைக்கு லேபுல ஒத்தையில ஒக்காந்து சிரிச்சா பாரு தாயி, அழுவான்னு நெனச்சுத் தண்ணி கொண்டு போனவன் நான். மறைச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. அவ அதையும் ஒரு பக்கம் எழுதித்தான் தீசிஸ்ல வச்சா. பெறகு மழைத்தண்ணி புடிச்சு மொதல்லருந்து எண்ணுனா.

அந்தப் புள்ளைக்கு வேலை கெடைக்க ரொம்ப நாளாச்சு, அது வேற கதை. ஆனா அதுக்கப்புறம் அவகிட்ட எவனும் பொய்க்கணக்குச் சொல்ல முடியல. காய்கறிக்காரனும் சரி, கட்டுன புருசனும் சரி.

வைவா அன்னைக்கு நடக்கிற கூத்தையும் சொல்லிர்றேன். தீசிஸ் குடுத்து ஆறு மாசத்துக்குள்ள எல்லாம் முடியணும்னு விதி, விதிக்கென்ன, அது ஆபீஸ் பீரோவுல நல்லா ஒறங்கும். நாள் குறிச்சு வந்துட்டா மொத நாளே சேர் அடுக்குறது, பேனர் கட்டுறது, எக்ஸாமினருக்குச் சால்வை, கேசரி, போண்டா. கேள்வி கேக்குறேன்னு ஒருத்தரு எந்திரிப்பாரு, அவரு 1990-ல எழுதுன தீசிஸைச் சொல்லி முடிச்சுட்டு ஒக்காருவாரு. கடைசி வரிசையில ஒரு அப்பன், கஞ்சி போட்ட வேட்டியோட, ஒரு சொல் வெளங்காம நிமிந்து ஒக்காந்திருப்பான். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம்னு இங்கிலீஷ்ல சொல்லி எல்லாரும் கை தட்டும்போதும் அவன் முழிப்பான். "ஒம்மக டாக்டர் ஆயிட்டா"ன்னு பக்கத்துல போயி காதுல சொல்றது என் டூட்டி. அதுக்கு மட்டும் நான் லீவு போட்டதே இல்ல.

பட்டம் இல்லாமலும் பெரிய ஆளா ஆகலாம்னு நீ எதிர்வாதம் பண்ணலாம். நம்ம இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. காலேஜ் பக்கமே போகாதவரு, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியரா ஒக்கார வச்சுச்சு. அவரப் பத்தி எழுதி எத்தனையோ பேரு டாக்டர் ஆயிட்டாக. நீ கி.ரா.வா இருந்தா எங்கிட்ட யோசனை கேட்டிருக்க மாட்ட, அதனால பட்டத்த வாங்கிரு. 1901-லருந்து கோவில்பட்டியில ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நெலையம் இருக்குல்லா? அங்ஙன வெள்ளைக் கோட்டுக்காரங்க பேர எவனும் ஞாபகம் வச்சுக்கல. ஆனா அவுக எடுத்துவிட்ட 'கே' வரிசைப் பருத்தியில மானாவாரிக்காரன் வேட்டி கட்டியிருக்கான், மக கல்யாணம் முடிச்சிருக்கான். பத்திரிகையில பேருக்கு முன்னால டாக்டர்னு போடுறதுக்காக மட்டும்னா, நம்ம அச்சாபீஸ்காரன் அதை எழுத்துக்கு இம்புட்டுன்னு துட்டு வாங்கிட்டே போட்டுக் குடுத்துருவான், அஞ்சு வருசம் மிச்சம்.

சரி, எப்பச் சேர்ற? மொதல்ல நெட்டு எழுது, ஜே.ஆர்.எஃப். வரட்டும், ஒங்கப்பன்ட்ட நான் பேசுறேன். மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, 24 லட்சத்தோட வர்ற பொண்ணுன்னு சொல்லிக்கலாம், எந்த வருசத்துல வரும்னு சொல்ல வேண்டாம். பொறி கட்ட எடம் வேணும்னா என் ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம் இருக்கு. குத்தகை வேண்டாம், புழுவும் இலவசம். ஒண்ணே ஒண்ணு. எல்லா தீசிஸ்லயும் நன்றின்னு ஒரு பக்கம் வைப்பாக, ஊரே படிக்கிறது அந்த ஒரு பக்கந்தான். அதுல என் பேரு கைடு பேருக்கு மேல வரணும். என்ன முழிக்கிற? அவரு கையெழுத்துப் போட மாட்டாரா? அப்பக் கீழயே போடு. இனிசியலை மட்டும் தப்பாப் போட்டுராத, ரிட்டயர்மெண்டு ஆர்டர்லயே தப்பாப் போட்டுட்டாக.