43 அங்குல டிவியும் மூன்றடி ஷோகேஸும்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஷோகேஸ் இருக்கிறது. 1990-களில் வீடு கட்டி முடித்த கையோடு ஆசாரியை உட்காரவைத்துச் செய்தது. இடது பக்கம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, வலது பக்கம் இன்றுவரை யாருக்கும் காபி கொடுத்தறியாத பீங்கான் கோப்பைகள், நடுவில் டிவிக்கென்று மூன்றடி அகலத்தில் ஓர் இடம். அன்றைய 21 அங்குலப் பெட்டியை அதில் வைத்த பிறகும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சாடிக்கு இடமிருந்தது. டிவி பின்னால் ஒல்லியாகி முன்னால் அகலமாகும் என்று எந்த ஆசாரிக்குத் தெரியும்? பஞ்சாங்கத்தில்கூடப் போடவில்லை.

இடையில் வந்த 32 அங்குல எல்.இ.டி. அந்த இடத்தோடு அனுசரித்துப் போனது. போன மாதம் அதன் குறுக்கே பச்சையாக ஒரு கோடு விழுந்தது. செய்தி வாசிப்பவரின் மூக்கு எப்போதும் கோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது. மெக்கானிக் வந்து முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பேனல் போச்சு சார். புதுப் பேனல் போடுற காசுக்குப் புது டிவியே வாங்கிரலாம்" என்றார். இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

குடும்பம் கூடிப் பேசியதில் 25,000 ரூபாய் என்று முடிவானது. மகன் 55 அங்குலம் கேட்டான். அவனுக்கு வருமானம் இல்லாததால் ஓட்டும் இல்லை என்று தள்ளுபடி செய்தோம். மச்சினன் போனில் வந்தான். எந்தச் சாமான் வாங்கினாலும் அதைப் பற்றி முழுதும் தெரிந்த ஒரு மச்சினன் எல்லா வீட்டிலும் இருக்கிறான்.

"மச்சான், நீங்க ராசிக்காரரு. ஜி.எஸ்.டி. குறைஞ்சிருச்சு."

உண்மைதான். முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். 32 வரை உள்ளவற்றுக்கு 2019 தொடக்கத்திலேயே 18 ஆக்கிவிட்டார்கள். அதாவது 32 அங்குலம் வரை பார்ப்பவன் சாமானியன், ஓர் அங்குலம் கூடினாலும் சீமான் என்று சர்க்கார் ஆறு வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தது. வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள பெட்டிக்கு அப்போது 25,600 கொடுக்க வேண்டும், இப்போது 23,600 போதும். அந்த 2,000 ரூபாயை மச்சினன் அதே போன் பேச்சிலேயே சவுண்ட் பாருக்கு ஒதுக்கிவிட்டான்.

இத்தனை களேபரத்திலும் அம்மா வாய் திறக்கவில்லை. அவருக்கு வாய்த்த டிவிகளிலேயே சிக்கல் இல்லாதது 2006 தேர்தலுக்குப் பிறகு கருணாநிதி ஆட்சியில் வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சிதான். 14 அங்குலம். என்ன கம்பெனி, எத்தனை வாட்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் எல்லார் வீட்டிலும் அதே அளவு என்பதால், பக்கத்து வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் வழியில்லாமல் போனது.

பைபாஸ் ரோட்டில் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். மாடி முழுக்கச் சுவரோடு சுவராக டிவி. எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக் கிளி, ஒரே தேன் சொட்டு, ராத்திரி விளக்குகளோடு ஏதோ ஓர் ஊர். இதெல்லாம் டிவியைக் காட்டுவதற்கென்றே எடுத்த 4கே வீடியோ. போதாததற்கு, பிக்சர் மோடை 'விவிட்'டில் வைத்து வெளிச்சத்தையும் முழுசாக ஏற்றிவிடுகிறார்கள். கிளியின் சிவப்பு கண்ணைக் கரிக்கிறது. எங்கள் வீட்டுக்கு அந்தக் கிளி வரப்போவதில்லை. வரப்போவது கல்யாண மண்டபத்தில் அழுதுகொண்டு நிற்கும் மருமகள்.

"தம்பி, இதுல கேபிள் போட்டுக் காட்ட முடியுமா?" என்றேன்.

நட்சத்திர ஹோட்டலில் பழைய சோறு கேட்டவனைப் பார்ப்பதுபோல் பையன் பார்த்தான். "அண்ணே, கேபிள்ல அவ்வளவு கிளாரிட்டி வராதுண்ணே."

அதற்காகத்தானே கேட்டேன்! சாதா கேபிளில் வரும் படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160. பெருக்கி வகுத்தால் சரியாக இருபது மடங்கு. மருமகளின் ஒரு சொட்டுக் கண்ணீர் ஒரு புள்ளியில் வந்தால், மீதிப் பத்தொன்பதை டிவி தன் கற்பனையில் அழ வேண்டும். இந்தக் கற்பனையில்தான் விலை குறைந்த டிவிகளின் வண்டவாளம் தெரியும். ஒன்று முகத்தை மெழுகி வைக்கும், இன்னொன்று மீசையைச் சுற்றி எறும்பு ஊரவிடும். கிளியை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பையன் எங்கிருந்தோ ஒரு செட்டாப் பாக்ஸைத் தேடி எடுத்து வந்தான். வாங்குகிறவர்கள் இதற்குக் கூச்சப்படக் கூடாது என்பது என் கட்சி.

அட்டையில் 'எச்.டி.ஆர்.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த விலையில் அதற்கு அர்த்தம், அப்படிப்பட்ட படம் வந்தால் டிவி வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கேற்ற வெளிச்சம் காட்டுவது திரையின் கையில் இருக்கிறது. திரைக்குப் பெரும்பாலும் அந்தத் தெம்பு இல்லை.

என் மனைவி இதிலெல்லாம் தலையிடவில்லை. "ஏங்க, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய் ஃப்ரிட்ஜ் பிரிவில், ஏறக்குறைய எங்கள் சமையலறை தூரத்தில், நின்றுகொண்டார். அங்கிருந்தே தலையாட்டினார், உதட்டைப் பிதுக்கினார். கடையில் அன்று நடந்த ஒரே விஞ்ஞான சோதனை இதுதான். மாலை ஆறரை முதல் ஒன்பது வரை எங்கள் வீட்டில் டிவியைக் கேட்பார்கள். சட்னி தாளிக்கும்போது நேரம் கிடைத்தால் எட்டிப் பார்ப்பார்கள். பழைய பெட்டியில் ஸ்பீக்கர் முன்பக்கம் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசும். இப்போது உடம்பெல்லாம் திரை என்பதால் ஸ்பீக்கரை அடியில் தள்ளி, தரையைப் பார்க்க வைத்துவிட்டார்கள். மாமியார் மருமகளிடம் போடும் சவால் மேஜையிடம் போடுவதாகக் கேட்கிறது. 20 வாட்ஸ் என்று இரண்டு டிவியில் எழுதியிருந்தும் ஒன்றுதான் ஃப்ரிட்ஜ் வரை போனது.

அதைத்தான் வாங்கினோம். 2 ஜி.பி. ராம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். 1 ஜி.பி. டிவியில் ரிமோட்டை அமுக்கிவிட்டு ஒரு வாய் காபி குடிக்கலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி, சவுண்ட் பார், ஸ்டெபிலைசர் என்று பையன் படியிறங்கும்வரை கூடவே வந்தான். கம்பெனிப் பெயர் எதற்கு? அடுத்த ஆடித் தள்ளுபடிக்குள் அந்த மாடல் இருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஷோகேஸ் தன் வேலையைக் காட்டியது. 43 அங்குலம் என்பது மூலைக்கு மூலை குறுக்காக அளந்த கணக்கு. அகலம் சட்டத்தோடு 38 அங்குலத்தை ஒட்டி வரும். ஆசாரி விட்ட மூன்றடி 36 அங்குலம். இரண்டு அங்குலம்தானே, பக்கவாட்டை அறுத்துவிடலாம் என்றேன். "தேக்குல கை வச்சா நான் ஊருக்குப் போயிருவேன்" என்று அம்மா முதன்முதலாக வாய் திறந்தார். 

டிவி எதிர்ச் சுவருக்குப் போனது. பிளக் பாயிண்ட் ஷோகேஸ் பக்கமே இருப்பதால் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஹாலைச் சுற்றி வந்தது. சோபாவைத் திருப்பிப் போட்டோம். இனி விருந்தாளி வந்தால் எங்கள் பின்மண்டையைத்தான் முதலில் பார்ப்பார்.

முதல் நாள் ராத்திரி அம்மாவுக்காகக் கறுப்பு வெள்ளைப் படம் போட்டோம். ஏறக்குறையச் சதுரமாக எடுத்த படம், அகலத் திரைக்கு இழுபட்டு நின்றது.

"எம்.ஜி.ஆர். இவ்வளவு குண்டா இருக்க மாட்டாரே" என்றார் அம்மா.

மகன் ரிமோட்டில் என்னவோ செய்து சரிப்படுத்தினான். எம்.ஜி.ஆர். மெலிந்தார், இரண்டு பக்கமும் அகலமாகக் கறுப்புப் பட்டை வந்தது. அம்மா அந்தப் பட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்தோம்?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு குண்டாவே இருக்கட்டும்ப்பா."